பங்குனி வெயிலில் ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம்

சக்குபள்ளத்தில் ஒரு சிறு குடும்பத்தின் அன்றாடம்

குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், அணக்கரைப் பக்கம் இருக்கிறது சக்குபள்ளம். இடுக்கி மாவட்டத்தின் இந்த மலைக் கிராமத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏலம்தான். பெரிய எஸ்டேட்டுகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் நிலத்தில் வீடும் தோட்டமுமாகக் காலம் தள்ளும் குடும்பங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கம்பம், தேவாரம், போடிப் பக்கமிருந்து பாட்டன் காலத்தில் மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு.

அப்படிப்பட்ட வீடு ஒன்றில் பங்குனி மாதம் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம்.

விடியுமுன் தொடங்கும் வேலை

ஐந்து மணிக்கெல்லாம் அடுப்பு எரிகிறது. கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு வீட்டுக்காரர் ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார். மனைவி பசுவைக் கறந்து, பாலைச் சொசைட்டிக்கு மகனிடம் கொடுத்து அனுப்புகிறார். கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும் நேரமும் அதுதான். இந்த வீட்டில் காய் பறிக்கும் காலத்தில் மட்டுமே கூலிக்கு ஆள் வைப்பார்கள். இப்போது கையில் காசு இல்லாத மாதம் ஆகையால், வீட்டம்மாவே பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்.

முற்றத்தில் மிளகு காய்கிறது. கோழி கொத்திவிடாமல் காவல் இருப்பது அப்பத்தாவின் பொறுப்பு. மதியத்துக்குக் கஞ்சியும், பிஞ்சுப் பலாக்காய்ப் பொரியலும், சில நாள் கப்பையும் மீன் குழம்பும். மூத்த மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள். அவள் படிக்கும் மேஜைக்கு மேலே பரணில் ஒரு மூட்டை ஏலக்காய் இருக்கிறது. மேல்படிப்புச் செலவுக்கென்று விற்காமல் வைத்தது அது.

குட்டைத் தண்ணீர்க் கணக்கு

வடக்கே வசந்தம் என்றால் மலர்க் காலம். இந்த மலையிலோ அது தண்ணீர்க் கவலையின் காலம். ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் விரும்பும். தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் பூவும் காயும். தை மாதம் தொட்டு இந்தச் சரம் நீளத் தொடங்கும். மாசி, பங்குனியில் வேர் காய்ந்தால் சரம் கருகும். ஆடியில் பறிக்கக் காய் இருக்காது. தூரே பட்டுப்போனால் இழப்பு அதைவிடப் பெரிது. புதிதாக நட்ட செடி ஒழுங்காகக் காய்க்க மூன்றாம் ஆண்டு ஆகிவிடும்.

பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு 435 தூர் நிற்கும். தூருக்கு 15 லிட்டர் என்று ஊற்றினால், ஒரு நடைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு லிட்டர் வேண்டும். மழைநீரைத் தேக்கப் படுதா விரித்து வெட்டிய குட்டையில் ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அது பதினைந்து நடைக்குத்தான் வரும். வாரம் இரு நடை என்றால் ஏழரை வாரம். மாசி முதல் நாள் குழாயை எடுத்தவருக்குப் பங்குனி இருபத்தைந்துக்குள் குட்டை வற்றிவிடும். மாட்டுக்கும் வீட்டுக்கும் எடுப்பதும், வெயில் குடிப்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கோடை மழை சித்திரைக்குத் தள்ளிப்போனால் என்ன செய்வது?

இதுதான் இரவுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

"பரண்ல இருக்கிற மூட்டையைப் போட்டுட்டு, லாரித் தண்ணி அடிப்போமா?" என்கிறார் வீட்டுக்காரர்.

"ஏங்க, அது பிள்ளை படிப்புக்கு வச்சது. வாரத்துக்கு ஒரு தண்ணியாக் குறைங்க. சரம் விட்ட தூருக்கு மட்டும் ஊத்துங்க. மத்ததுக்கு மூடாக்குப் போடுவோம்" என்கிறார் மனைவி.

"சருகைக் கூட்டி எரிக்காதீங்கடா. அதுதான் மண்ணுக்குப் போர்வை" என்று அப்பத்தாவும் மருமகள் பக்கம் சேர்ந்துகொள்கிறார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பரவலாகக் காய்ந்து கருகின. தண்ணீர் விலைக்கு வாங்கிக் காப்பாற்ற முயன்றவர்களும் உண்டு, கைவிட்டவர்களும் உண்டு.

விலையும் கையில் இல்லை

விலை நிலவரமும் நிலையானதல்ல. புற்றடி ஏல மையத்தில் 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதற்கு முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் பின்வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததே காரணம். விலை உச்சத்தில் இருந்தபோது பலரிடம் விற்கக் காய் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்தால் ஒரு கிலோதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறு விவசாயியின் நிலை விளங்கும்.

இந்த மலையில் பலரும் நடும் ஞள்ளானி ரகம், ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானதல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் நல்ல செடிகளைக் கவனித்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. நன்கு காய்க்கும் ரகம்தான். ஆனால் தண்ணீரும் உரமும் தவறாமல் கேட்கும்.

மருந்து அடிப்பதிலும் யோசனை உண்டு. ஏலப்பூ காயாவதற்குத் தேனீ வரவேண்டும். பூ விரிந்த காலையில் மருந்து அடித்தால் பேனோடு தேனீயும் சாகும். ஆகவே தேனீ அடங்கிய பின்பே தெளிப்பது என்று இந்த வீட்டில் வழக்கம்.

மழைக்குப் பின்னும் ஓய்வு இல்லை

சித்திரை பிறந்ததும் கனி காண வேண்டும். சித்ரா பௌர்ணமியன்று குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகவேண்டும். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அங்கே பக்தர்களுக்கு அனுமதி. தமிழகத்து உறவினர்களையும் அன்று பார்த்துவிடலாம்.

மூட்டையை விற்பதில்லை, வாரம் ஒரு தண்ணீர்தான் என்று இந்த வீட்டில் முடிவாகியிருக்கிறது. சில தூர்கள் போகலாம். போகட்டும், படிப்பு நிற்கக் கூடாது என்பது தாயின் கட்சி. முதல் மழை விழுந்த மறுநாள் இங்கே விருந்து ஒன்றும் நடக்காது. பட்டுப்போன தூர்களை எண்ணி, அந்தக் குழிகளில் புதுக் கன்று வைப்பார்கள். குட்டைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்வாருவார்கள். அடுத்த பங்குனிக்கான சேமிப்பு அன்றே தொடங்கிவிடுகிறது.