கறுப்பு முகமும் கேமராவின் கணக்கும்

கேமராவின் உள்ளே ஒளியை அளக்கும் மானி ஒன்று இருக்கிறது. அதற்குத் துணியும் தெரியாது, சுவரும் தெரியாது. வந்து விழும் ஒளி கூடுதலா, குறைவா என்பது மட்டும்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிடப் பார்க்கும். நம் கழக நிகழ்ச்சிப் படங்களில் சிலருடைய முகம் மட்டும் ஏன் இருட்டடித்துக் கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

கடந்த ஆண்டு இலக்கவியல் நிழற்படக் கலையை விருப்பப் பாடமாக எடுத்தேன். பதினான்கு வாரங்கள், நான்கு இடுபணிகள். கேமராவைத் துறையிலிருந்து இரண்டு நாள்களுக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். பாடம் மலாய்மொழியில் நடந்தது. முதல் வாரமே ‘டெடாஹான்’ என்ற சொல் வந்து நின்றது. ‘டெடாஹ்’ என்றால் மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல். கேமராவுக்குள் இருக்கும் உணரியைச் சிறிது நேரம் ஒளிக்குத் திறந்து காட்டுகிறோம், அவ்வளவுதான். தமிழில் ‘ஒளியேற்பு’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். லென்சின் துளை, அது திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து இதை முடிவு செய்கின்றன. ஒளி இரண்டு மடங்கானால் ஒரு படி ஏற்றம். பாதியானால் ஒரு படி இறக்கம். இந்தப் படிக்கணக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் எளிது.

முதல் இடுபணி மிகவும் சாதாரணமானது. வெள்ளைத் துணி ஒன்று, கறுப்புத் துணி ஒன்று. இரண்டையும் படம் முழுக்க நிறையும்படி தானியங்கி முறையில் எடுத்து வரவேண்டும். நான் அப்பாவின் பொங்கல் வேட்டியை விரித்து எடுத்தேன். பிறகு ஒரு கறுப்புப் போர்வையை எடுத்தேன். கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சாம்பல். எது வேட்டி, எது போர்வை என்று நெசவைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. வகுப்பில் எல்லாருக்கும் இதே கதைதான். காரணம், உலகத்தில் உள்ளவற்றைச் சராசரி பார்த்தால் நடுச்சாம்பல் வரும் என்ற ஊகத்தில் அந்த மானி வேலை செய்கிறது. நிழற்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வேட்டி அதைவிடப் பல மடங்கு திருப்பி அனுப்புகிறது. ஆகவே கேமரா ஒளியைக் குறைக்கிறது. போர்வைக்கு ஏற்றுகிறது. வேட்டியை வேட்டியாகக் காட்டவேண்டுமானால் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி, “இது வெள்ளை, இரண்டு படி ஏற்று” என்று நாம்தான் சொல்லவேண்டும்.

துணிக்கு இது வேடிக்கை. முகத்துக்கு வரும்போது வேடிக்கை இல்லை.

இரண்டாம் இடுபணிக்கு மூன்று பேர் கொண்ட குழு. ஒரு சீன நண்பர், ஒரு மலாய்த் தோழி, நான். மூவரில் கறுப்பு நான்தான். மூவரும் வெள்ளைச் சுவர் முன் நின்று, முக்காலியில் கேமராவை வைத்துத் தானியங்கியில் ஒரு படம் எடுத்தோம். சுவர் வெளிர்சாம்பலானது, நண்பரின் முகம் பரவாயில்லை, என் முகத்தில் கண்ணும் பல்லும்தான் மிச்சம். அடுத்து விரிவுரை மண்டபத்தில் கறுப்புத் திரைக்கு முன் நின்றோம். இப்போது என் முகம் நன்றாகத் தெரிந்தது. நண்பரின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. ஆள்கள் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. பிறகு ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் புள்ளி அளவு முறையில் கன்னங்களை மட்டும் அளந்தோம். நண்பரின் கன்னத்துக்கும் என் கன்னத்துக்கும் ஏறக்குறைய இரண்டு படி வித்தியாசம். அதாவது என் தோல் திருப்பி அனுப்பும் ஒளி அவருடையதில் கால்வாசி.

அன்று எனக்கு இன்னொன்றும் விளங்கியது. தமிழ்ப்பள்ளியில் எடுத்த என் வகுப்புப் படங்களில் எல்லாருடைய முகமும் தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எடுத்த படங்களில் பின்வரிசையில் நின்ற நாங்கள் நான்கு பேர் நிழலாகிவிட்டோம். படம் எடுத்தவர் பெரும்பான்மை முகங்களுக்கும் வெள்ளைச் சீருடைக்கும் ஏற்ப ஒளியை அமைத்திருக்க வேண்டும். இரண்டு படி கீழே இருப்பவனை யார் தனியாக அளக்கப்போகிறார்கள்?

இந்தக் கதை இலக்கவியல் காலத்துக்கு முந்தியது. அன்செல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் ஏறக்குறைய 1940-ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த ஒளிமண்டல முறையில், வெள்ளையருடைய தோலுக்கு நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே இடம் தரப்பட்டிருந்தது. வண்ணப் படச்சுருள் வந்தபின், கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு ‘ஷெர்லி அட்டை’ என்ற ஒன்றை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவருடைய தோல் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப் பற்றி 2009-இல் விரிவாக எழுதியிருக்கிறார். அடர்பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி படச்சுருளைத் திருத்தவேண்டும் என்ற நெருக்குதல் முதலில் எங்கிருந்து வந்தது தெரியுமா? மரத்தளவாடக்காரர்களிடமிருந்தும் சாக்லேட் நிறுவனங்களிடமிருந்தும் வந்ததாம். மர வகைகளும் சாக்லேட் வகைகளும் படத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன என்று அவர்கள் குறைப்பட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கைப்பேசிகளில் இப்போது நிலைமை மேல். முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கறுப்புத் தோலுக்காகவே ஒரு திருத்தத்தைச் சேர்த்து விளம்பரப்படுத்தியது.

“அதனால் என்ன, கணினியில் ஏற்றிக்கொள்ளலாமே” என்று வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். ஏற்றலாம், ஓரளவுக்கு. உணரி ஒளியை எண்களாக எழுதி வைக்கிறது. 12 பிட் கோப்பில் மொத்தம் 4096 நிலைகள். அதில் மிக வெளிச்சமான ஒரு படிக்கே பாதி, அதாவது 2048 நிலைகள் போய்விடும். அடுத்த படிக்கு 1024, அதற்கடுத்து 512. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இருட்டில் விழுந்த முகத்துக்குக் கிடைப்பது நூறோ இருநூறோதான். அந்தச் சொற்பத்தை இழுத்து ஏற்றும்போது கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வருகின்றன, நிறம் சாம்பலோடுகிறது. எடுக்கும்போதே முகத்துக்கு வேண்டிய ஒளியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒளி எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கறுப்புத் தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. நேராக அடிக்கும் பிளாஷ் அந்த மினுமினுப்பை நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டாக்கிவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் அகலமான, மென்மையான ஒளி அதையே கன்ன எலும்பு, மூக்கு, தாடை என்று வடிவமாக வரைந்து காட்டும். கோலாலம்பூரில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. (1982 சனவரி முதல் தேதி நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம்.) அந்த நேரத்தில் திறந்த வெளியில் யாரையும் நிறுத்தாதீர்கள், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். அதே நேரத்தில் கடைத்தெருவின் அஞ்சடிக்குள் ஒருவரைத் தெருவைப் பார்த்து நிறுத்துங்கள். வெயில் தரையில் பட்டுத் தெறித்து வரும் ஒளி, செலவில்லாத விளக்கு.

கடைசி இடுபணியான ‘ஒரு தொழில், நான்கு படங்கள்’ என்பதற்குப் பிரிக்ஃபீல்ட்சில் பூத்தொடுக்கும் ஓர் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “என்னைய ஏன் தம்பி எடுக்கிற, கறுப்பா இருப்பேன். வெள்ளையாக் காட்டுற ஆப்பு இருந்தா போட்டு எடு” என்றார். மறுக்கவில்லை. அவர் கேட்ட மாதிரி ஒன்று, தானியங்கியில் ஒன்று, முக்கால் மணி நேரம் அஞ்சடியில் உட்கார்ந்து ஒளி பார்த்து ஒன்று என மூன்று படங்களை அச்சடித்துக்கொண்டு அடுத்த வாரம் போனேன்.

தானியங்கிப் படத்தில் மல்லிகைச்சரம் இருந்தது, அவர் இல்லை. அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்து கேமரா ஒளியைக் குறைத்திருந்தது. செயலி எடுத்ததில் முகமும் மல்லிகையும் ஒரே வெளுப்பு. மூக்குத்தியின் விளிம்பு கரைந்து போயிருந்தது. வெளுப்பு வேறு, வெளிச்சம் வேறு என்பதை இவ்வளவு தெளிவாக எந்த விரிவுரையிலும் நான் பார்த்ததில்லை. செயலி தோலின் நிறத்தையே மாற்றி, மேடு பள்ளங்களை வழித்துவிடுகிறது. ஒளியேற்பு நிறத்தை மாற்றுவதில்லை, உள்ளதைத் தெரியவைக்கிறது. மூன்றாவது படத்தில் ஒரு படி ஏற்றியிருந்தேன். மல்லிகையில் சில மொட்டுகள் விவரமிழந்து வெளுத்துவிட்டன. அது நான் தெரிந்தே கொடுத்த விலை. அம்மா செயலிப் படத்தைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருன்னு கேப்பாங்க” என்று சிரித்தார். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டப் போய்விட்டார். மாலை வாங்க வந்தவர் காத்துக்கொண்டிருந்தார்.

கழக நிகழ்ச்சிகளில் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறுக்குவழி. சாம்பல் அட்டை கையில் இல்லையென்றால் உள்ளங்கையை அளந்துகொள்ளுங்கள். யாருடைய உள்ளங்கையும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு, நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேல். கையை முகத்தருகே அதே வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி, புள்ளி அளவில் அளந்து, ஒரு படி ஏற்றிப் பூட்டிவிடுங்கள். பிறகு வேட்டி, வெள்ளைச் சேலை, மேடைத்திரை எது வந்தாலும் கேமராவின் பேச்சைக் கேட்காதீர்கள். குழுப்படமானால் கறுப்பு முகங்களைப் பின்வரிசை ஓரத்துக்குத் தள்ளாமல், சன்னல் இருக்கும் பக்கமாக முன்னே நிறுத்துங்கள்.