கிளிமூக்கு விசிறிவால்: பொலிச் சேவலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திண்டுக்கல் போன்ற ஊர்களில் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சி நடைபெறும்போது பல மாவட்டங்களிலிருந்தும் வளர்ப்போர் கூண்டுகளுடன் வந்து கூடுகின்றனர். சேவல் ஒன்றுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை பேசப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. அதைப் படிக்கும் சிறு விவசாயிக்கு ஆசை எழுவது இயல்பே. இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்றாவது ஒரு சேவலையோ, ஒரு ஜோடிக் குஞ்சையோ வாங்கி வந்து விடுகிறார். ஓராண்டு கழித்துப் பார்த்தால், வளர்ந்த குஞ்சுகளில் பலவற்றுக்கு மூக்கு வளையவில்லை. சிலவற்றுக்கு வால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடைக்கு வைத்த முட்டைகளிலும் பாதி கூமுட்டை. போட்ட பணம் திரும்புவதில்லை.

வாங்கிய சேவல் நல்ல சேவலாகவே இருந்திருக்கலாம். ஆனால் கண்காட்சியில் நடுவர் மதிப்பிடுவது அன்று, அந்த இடத்தில் நிற்கும் பறவையை மட்டுமே. பொலிக்குச் சேவல் தேடுபவர் அதன் தாயையும், உடன்பிறந்த குஞ்சுகளையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால் நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்த்து விடலாம்.

மேடையில் பார்க்கப்படுபவை

கிளிமூக்கு விசிறிவால் என்பது அசில் இனத்தைச் சேர்ந்த சேவல். அசில் சேவல்கள் நான்கைந்து கிலோ வரை எடை வரக்கூடியவை. பெயரே இதன் லட்சணத்தைச் சொல்லி விடுகிறது. மூக்கு குட்டையாகவும் தடித்தும் கிளியின் மூக்கைப் போல வளைந்தும் இருக்க வேண்டும். வால் அடியில் அகன்று, நீண்ட இறகுகளுடன் விசிறியாகச் சரிய வேண்டும். இவற்றோடு உயரம், நிமிர்ந்த நிலை, கழுத்தின் திரட்சி, கண், கால், கொண்டைப் பூ, இறகின் நிறம் ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. நிறங்களுக்குக் காகம், மயில், கீரி, பேடு, கொக்கு வெள்ளை என்று வளர்ப்போர் வழங்கும் பெயர்கள் பல உண்டு.

சண்டைக்கென வளர்த்த இனம் அழகுக்காக மேடை ஏறுவது இங்கு மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேவல் சண்டை தடை செய்யப்பட்டது. 1845ல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலைத் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் 1873ல் கோழி வளர்ப்போர் சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே ஒவ்வோர் இனத்தின் லட்சணங்களையும் விவரிக்கும் நூலை வெளியிட்டனர். தலைக்கு இத்தனை, வாலுக்கு இத்தனை என்று 100 மதிப்பெண்களைப் பங்கிடும் முறை அங்கு வேரூன்றியது. சாயம் பூசுவது, இறகை ஒட்டுவது போன்ற ஏமாற்று வேலை கண்டால் பறவையைப் போட்டியிலிருந்தே விலக்கி விடுவர். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பிராணிகளைச் சண்டைக்கு விடுவது குற்றம். எனவே அசில் இனத்தைப் பேணுவதற்குக் கண்காட்சி நேர்மையான ஒரு வழி. சிறு விவசாயிக்கு நாலு காசு தரக்கூடிய வழியும்கூட.

கார்ன்வால் தரும் பாடம்

மேடை ஒரு லட்சணத்துக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பரிசு தந்தால் என்ன ஆகும் என்பதற்கு அசில் வம்சத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற அசில் கோழிகளை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ளூர்ச் சண்டைக் கோழிகளுடன் கலந்து ‘இந்தியன் கேம்’ என்ற இனத்தை உண்டாக்கினர். அமெரிக்காவில் இதற்குக் கார்னிஷ் என்று பெயர். இன்று உலகெங்கும் கறிக்கு வளர்க்கும் பிராய்லர் கோழியின் அகன்ற மார்பு இந்த வழியில் வந்ததே.

ஆனால் கண்காட்சிக்காக வளர்த்தவர்கள் மார்பு இன்னும் அகலம், கால் இன்னும் குட்டை என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக் கொண்டே போனார்கள். முடிவில் அந்த மேடை வகையில் சேவல் பெட்டையை மிதிப்பதே சிரமமாகி, கருக்கூடாத முட்டைகள் மிகுந்தன. பரிசுக் கோப்பை வந்தது, குஞ்சு வரவில்லை.

கிளிமூக்கிலும் இந்த ஆபத்து உண்டு. மூக்கின் வளைவு ஓர் அளவைத் தாண்டினால் பறவையால் தீனி பொறுக்க முடியாது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சிமெண்ட் தரையில் ஒரு பிடி கம்பைத் தூவி, பசித்த சேவலை விட்டுப் பார்க்க வேண்டும். தரையோடு கிடக்கும் கம்பைத் தடுமாறாமல் கொத்தி எடுத்தால் சரி. தானியத்தைத் தள்ளிக்கொண்டே போகும் சேவல், தட்டில் குழைத்து வைத்தால்தான் தின்னும் சேவல் ஆகியவை எவ்வளவு அழகாயினும் பொலிக்கு ஆகா. மேல் மூக்கும் கீழ் மூக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கத்தரி போல் விலகி நிற்பதும், வால் ஒரே பக்கமாகக் கோணி நிற்பதும் வம்சத்தில் தொடரக்கூடிய குறைகள். அவற்றைக் கறிக்கு அனுப்பிவிட வேண்டும். குறைந்த விலைக்கு வளர்ப்புக்கென இன்னொருவர் தலையில் கட்டுவது முறையல்ல.

வாலை மதிப்பிடுவதில் அவசரம் கூடாது. முதல் ஆண்டுத் தோகையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறு நேரும். இறகு உதிர்ந்து இரண்டாம் ஆண்டுத் தோகை முழுதாக வந்த பின்னரே வாலின் நீளமும் அடி அகலமும் தெளிவாகத் தெரியும். சேவலை விற்கவோ கழிக்கவோ அதுவரை பொறுப்பவர் ஏமாறுவதில்லை.

தாய்க்கோழியை மறக்கலாகாது

குஞ்சு வாங்கச் செல்வோர் பெரும்பாலும் தகப்பன் சேவலைக் காட்டச் சொல்லிப் பார்க்கின்றனர். தாயைக் கேட்பவர் அரிது. உயரம், மூக்கின் அமைப்பு, வாலின் நீளம் போன்றவை ஒரே ஒரு மரபுக்கூற்றால் அமைபவை அல்ல. பல கூறுகள் சேர்ந்து உருவாக்குபவை. அவற்றில் பாதி தாயிடமிருந்து வருகிறது. சாதாரணப் பெட்டைக்குப் பரிசுச் சேவலைச் சேர்த்தால் குஞ்சுகள் இடைப்பட்ட ரகமாகவே அமையும். இரு பக்கமும் சிறந்தவையாயினும் குஞ்சுகளின் சராசரி பெற்றோரை விடச் சற்றுக் கீழேதான் நிற்கும். பத்தில் ஒன்றோ இரண்டோ தகப்பனைப் போல வந்தால் அதுவே நல்ல பலன். ‘எல்லாக் குஞ்சும் சாம்பியன் ஆகும்’ என்று சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது மூக்கு, வால் ஆகியவற்றுடன் அது ஓர் ஈட்டுக்கு எத்தனை முட்டை இட்டது, அடையில் ஒழுங்காக உட்கார்ந்ததா, பொரித்த குஞ்சுகளில் எட்டு வாரம் வரை எத்தனையைக் காத்தது என்று கேட்க வேண்டும். அசில் பெட்டை முட்டை குறைவாக இடும் இனம். ஆகவே ஒவ்வொரு முட்டையும் விலை உள்ளது. 12 முட்டை வைத்து 10 பொரித்து 8 குஞ்சை வளர்க்கும் பெட்டை, லட்சணத்தில் அரைப்படி குறைந்தாலும் வைத்துக் கொள்ளத் தக்கது. அழகான பெட்டை 12 வைத்து 3 பொரித்தால் அந்த வீட்டில் பொறுக்கி எடுக்கவே குஞ்சு இராது. பொறுக்க முடியாத இடத்தில் இன விருத்தி ஏது?

பூவில் மறைந்திருக்கும் குணம்

தலையோடு ஒட்டித் தாழ்ந்து, மூன்று வரிசையாக அமையும் சிறு பூவே அசிலுக்கு உரியது. சில சமயம் தாய், தகப்பன் இரண்டுக்கும் இந்தப் பூ இருந்தும், கத்திப்பூவுடன் குஞ்சு பிறந்து வளர்ப்பவரைத் திகைக்க வைக்கிறது. ‘வேறு சேவல் மிதித்திருக்கும்’ என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. உண்மையில் சிறு பூவின் கூறு ஓங்கியது. கத்திப்பூவின் கூறு அதன் அடியில் மறைந்து நிற்கக்கூடியது. தாய், தகப்பன் இரண்டிலும் அது மறைந்திருந்தால் நான்கு குஞ்சுக்கு ஒன்று என்ற கணக்கில் கத்திப்பூ வெளிப்படும்.

சேவலில் அது மறைந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள சாதாரணக் கத்திப்பூப் பெட்டையுடன் சேவலைச் சேர்த்து ஓர் அடை வைக்க வேண்டும். கத்திப்பூவுடன் ஒரு குஞ்சு வந்தாலும் சேவலில் அக்கூறு மறைந்திருக்கிறது என்று பொருள். ஏழு குஞ்சுகளும் சிறு பூவுடன் வந்தால், மறைந்திருப்பதற்கான வாய்ப்பு 128ல் ஒன்றுதான். விலை உயர்ந்த சேவலுக்கு இந்த ஓர் அடைச் செலவு பெரிதல்ல.

இத்தகைய சோதனைக்கும், பொதுவாகச் சேவலை மாற்றும்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெட்டையின் உடலில் முந்தைய சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளையே புதுச் சேவலின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நெருங்கிய உறவில் சேர்ப்பது

லட்சணம் நிலைக்க வேண்டும் என்று தகப்பனையும் மகளையும், ஒரே ஈட்டில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் சேர்ப்போர் பலர். இவ்விரு சேர்க்கைகளிலும் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு 25 சதவீதம். ஒரு முறை செய்தால் கேடு வெளியே தெரியாமல் போகலாம். தொடர்ந்தால் பொரிப்பு குறையும். குஞ்சுகள் வளர்ச்சி குன்றும். சிறு நோய்க்கும் மடியும்.

உறவு பார்த்துத் தவிர்த்தாலும், ஊருக்கெல்லாம் ஒரே சேவல் என்றால் நிலைமை அதிகம் மாறாது. வெளியிலிருந்து கோழி சேர்க்காத கூட்டத்தில் 10 பெட்டைக்கு 1 சேவல் என்று வைத்தால் ஒரு தலைமுறையில் ஏறக்குறைய 14 சதவீதம் உட்கலப்பு ஏறும். 9 பெட்டைக்கு 3 சேவல் என்று வைத்தால் அது 6 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் மூன்று அசில் சேவல்களை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பது சிறு விவசாயிக்கு ஆகிற காரியமல்ல. கூண்டுக்குக் கூண்டு முறைத்துக் கொண்டே இருக்கும். ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் இரண்டும் போய்விடும்.

இதற்கு மூன்று வீட்டார் சேர்ந்து செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சேவல், மூன்று பெட்டை. பொரிக்கும் குஞ்சுகளில் பொறுக்கிய வெடைகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். பொறுக்கிய இளஞ்சேவல் அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு, மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கு. எப்போதும் இதே வரிசை, மாற்றக் கூடாது. இப்படிச் செய்தால் தகப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் சேர வழியே இராது. வெளியிலிருந்து அடிக்கடி சேவல் வாங்கும் செலவும் மிச்சம். சாணைக்கல்லையும் ஏர்மாட்டையும் மாற்றிக்கொண்ட ஊர்களுக்கு இது புதிய பழக்கம் அல்ல.

எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையுடையது என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. பொரித்த அன்றே குஞ்சின் கால்விரல்களுக்கு இடையே உள்ள மெல்லிய தோலில் சிறு துளை இட்டு அடையாளம் வைக்கலாம். இரண்டு கால்களிலுமாக நான்கு இடங்கள். துளையிடுவதும் விடுவதுமாக மாற்றி வைத்தால் 16 விதமான அடையாளம் கிடைக்கும். சிறு பண்ணைக்கு அது போதும். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அடையாளம், தாய், தகப்பன், வைத்த முட்டை, பொரித்தது, எட்டாம் வாரத்தில் இருப்பது ஆகியவற்றை எழுதி வர வேண்டும். இரண்டு ஆண்டு எழுதிய நோட்டு, குஞ்சு வாங்க வருபவரிடம் காட்டி விலை பேசவும் உதவும்.

கண்காட்சிக்கு முன்னும் பின்னும்

நீண்ட வால் உள்ள சேவலை மூங்கில் பஞ்சாரத்தில் அடைத்தால் இறகு முறியும். வால் சுவரில் உராயாதபடி உட்காரு கட்டையைத் தள்ளி அமைக்க வேண்டும். கனத்த பறவையாதலால் கட்டை தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பது நல்லது. தரை ஈரமின்றி இருக்க வேண்டும். கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் கையில் எடுத்துப் பழக்கி, கூண்டிலும் சிறிது நேரம் நிறுத்தினால் மேடையில் மிரளாது. பேன், செள் இருக்கிறதா என்று இறகைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குக் குஞ்சின் ஏழாம் நாளில் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வளர்ந்த சேவலுக்கு மறு ஊசி தேவையானால், கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்னதாகவே போட்டுவிட வேண்டும். பல மாவட்டக் கோழிகள் ஒரே கூரையின் கீழ் கூடும் இடத்தில் நோய் கைமாறுவது எளிது. பரிசு பெற்ற சேவலாயினும், புதிதாக வாங்கிய கோழியாயினும், வீடு திரும்பியதும் மற்றக் கோழிகளுடன் விடாமல் 21 நாள் தனியே கட்டி வைக்க வேண்டும். தீனித் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வேறாக இருக்கட்டும். முதலில் வீட்டுக் கோழிகளுக்குத் தீனி வைத்து, அதன் பிறகே திரும்பி வந்த சேவலிடம் போக வேண்டும்.