திரையில் பார்க்கும் உடம்பு

திரையில் தெரியும் கட்டுடம்புப் படங்களைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். “எல்லாம் எடிட்டிங் சார், ஃபில்டர்” என்று உடனே சொல்லிவிடுவான். அவன் ஏமாளி இல்லை. ஆனாலும் அன்றிரவே கண்ணாடி முன் சட்டையைக் கழற்றி, வயிற்றை எக்கிப் பார்க்கிறான். பொய் என்று தெரிந்திருப்பது மட்டும் போதவில்லை. அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

சிக்ஸ்பேக் காட்சி எடுப்பது எப்படி?

2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ படம் வந்தபின் சிக்ஸ்பேக் என்பது நம் ஊர்ப் பையன்களின் கனவானது. இத்தகைய காட்சிக்குப் பின்னால் பல மாதப் பயிற்சியும் அளந்து வைத்த சாப்பாடும் இருக்கும். படப்பிடிப்பு நெருங்கும்போது சிலர் தண்ணீரையும் உப்பையும் குறைத்து உடம்பை வற்ற வைக்கிறார்கள், இது ஆபத்தானது. கேமரா ஓடுவதற்குச் சற்று முன் தண்டால் எடுத்துத் தசையைப் புடைக்க வைப்பார்கள். மேலே எண்ணெய்ப் பூச்சு, பக்கவாட்டில் விளக்கு. அடுத்த வாரம் அந்த நடிகருக்கே அந்த உடம்பு இருக்காது.

ஊசி வேண்டவே வேண்டாம்

ஜிம்மில் சேர்ந்த இரண்டாம் மாதமே “ஒண்ணும் ஏறலையேண்ணா” என்ற ஏக்கம் வந்துவிடுகிறது. முதலில் பவுடர் டப்பா, பிறகு யாரோ காதில் போடும் ஸ்டீராய்டு ஊசி யோசனை. வளரும் வயதில் ஸ்டீராய்டு பெருங்கேடு. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். உயரம் அதோடு நின்றுவிடும். விரைகள் சுருங்கும், மார்பு பெருக்கும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை தருகிற புரதமே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும்.

ஃபிஜி மாணவிகள்

பெண்பிள்ளைகளையும் திரை விட்டுவைப்பதில்லை. ஃபிஜித் தீவுகளில் சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு என்று இருந்தது. அங்கே நத்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுப்பதாக, அப்போது ஆய்வில் கேட்கப்பட்ட எந்த மாணவியும் சொல்லவில்லை. 1998-இல் ஆய்வாளர் ஆன் பெக்கர் குழு அங்கே மீண்டும் ஆய்வு செய்தபோது, 11.3 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். நம் பெண்பிள்ளைகளின் கையில் இருப்பதோ நாளெல்லாம் ஓடும் திரை.

பெற்றோர் கவனத்துக்கு

“என்னடி இப்படிப் பெருத்துட்டே” என்று கல்யாண வீட்டில் அத்தை கேட்பதும் திரை தந்த அதே காயத்தைத்தான் கீறுகிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். போனைப் பிடுங்காமல், கூட உட்கார்ந்து ஒரு ரீலைப் பாருங்கள். கடைசியில் எந்த டப்பாவை விற்கிறார்கள் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடியோ சைக்கிளோ, பிடித்தது எதுவானாலும் சரி.

சாப்பாட்டைத் தட்டிக்கழிப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுவது, மாதவிலக்கு நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச, அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416.