விரலுக்கு விலை உண்டா?

சென்ற வருஷம் எங்கள் வீட்டுக் கதவைச் செப்பனிட வந்த தச்சர், குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கிய இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

"உளி பட்டுவிட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. முப்பது வருஷம் உளி பிடித்தேன். கீறலுக்கு மேல் பட்டதில்லை. மிஷின் வாங்கிய ஆறாம் மாதம் விரல் போயிற்று" என்றார்.

அவர் குறிப்பிட்டது, இன்று தெருவுக்குத் தெரு இரைச்சலிடும் கட்டிங் மிஷினைத்தான். பார்வைக்குக் கையடக்கமான கருவி. ஆனால் அதன் 100 மில்லிமீட்டர் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அபாயத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் சக்கரம் முப்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்! ஆகவே, "ஜாக்கிரதையாக இருப்பேன்" என்ற உறுதி மட்டும் போதாது. ஸ்விட்சைப் போடுமுன் செய்யும் ஏற்பாடே கையைக் காக்கும்.

தச்சருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வசதிக்காகச் சக்கரத்தின் மூடியைக் கழற்றியிருந்தார். கல்லும் இரும்பும் வெட்டும் மிஷினில் மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மாட்டியிருந்தார். பலகையை இடது கையாலேயே அழுத்திப் பிடித்திருந்தார். பல் மரத்தில் சிக்கியதும் மிஷின் துள்ளிப் பாய்ந்தது. அவ்வளவுதான்.

இதிலேயே பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூடியைக் கழற்றலாகாது. மிஷினுக்கு உரிய சக்கரத்தையே மாட்டவேண்டும். பலகையைக் கை பிடிக்கலாகாது, கவ்வி பிடிக்கட்டும், இரு கைகளும் மிஷினைப் பற்றியிருக்கட்டும். சக்கரம் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நிறுத்திய பின்னும் சக்கரம் சற்றுச் சுழலும். அது அடங்கும்வரை கீழே வைக்கலாகாது.

கையுறை அணிந்தால் போதும் என்று நினைப்பவர் பலர். துளையிடும் மிஷினிலும் மேஜை ரம்பத்திலும் தொளதொளத்த துணிக் கையுறையே சத்துருவாகிவிடும். அதன் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். தொங்கும் சட்டைக் கையும் அப்படியே.

விபத்து நேர்ந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி நீரில் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். விரல் பனிக்கட்டியில் நேராகப் படலாகாது.

1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பிற்கால அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்று மதிப்பிட்டது. சட்டத்துக்கு ஒரு கணக்கு வேண்டியதுதான். குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டும் விரலுக்கு எந்த அட்டவணை விலை சொல்லும்?

அடுத்த முறை உங்கள் வீட்டில் மிஷின் சத்தம் கேட்கும்போது, "சீக்கிரம் முடியுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள். "மூடி இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.