அணில் தொல்லையா? ஓட்டையை அடைக்கும் முன் ஒருமுறை பாருங்கள்



பரணில் கிடக்கும் தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுக்கிறது, ஜன்னல் கொசுவலையைக் கடிக்கிறது, மாடியில் காயும் வற்றலை இழுக்கிறது, வயரைக் கொறிக்கிறது. அணிலால் இப்படிப் பல வீடுகளில் தொல்லை. பொறுமை இழந்து எலி மருந்தோ ஒட்டும் அட்டையோ வாங்கி வைக்கிறோம். அதற்கு முன் சற்று யோசிப்போம்.

அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. எதையாவது கொறித்து அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். தேங்காய் நாரையும் பஞ்சையும் கவ்விக்கொண்டு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறதென்றால், அங்கே கூடு கட்டுகிறது என்று பொருள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு, மூன்று குட்டிகள். அவை தாய்ப்பால் மறக்கச் சுமார் 10 வாரம் ஆகும்.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. குட்டிகளை உள்ளே வைத்து ஓட்டையை அடைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி லேசாகச் செருகுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தால் கூட்டில் எதுவும் இல்லை, பகலில் அடைத்துவிடலாம். காகிதம் வெளியே தள்ளப்பட்டிருந்தால், குட்டிகள் வளர்ந்து போகும்வரை பொறுத்திருங்கள்.

2. ஓட்டு இடுக்கு, வென்டிலேட்டர், ஏசி குழாய் செல்லும் துளை ஆகியவற்றை இரும்புக் கம்பி வலையாலோ சிமெண்டாலோ அடையுங்கள். நைலான் வலையைக் கடித்துவிடும்.

3. கூரையைத் தொடும் கிளைகளை, கூடு இல்லை என்று பார்த்த பிறகு வெட்டுங்கள்.

4. தண்ணீர்த் தொட்டியை மூடியே வையுங்கள். குடிக்க வந்து விழுந்தால் ஏற முடியாமல் செத்துவிடும். நமக்கும் தண்ணீர் கெடும்.

5. வயர் கடிபட்டிருந்தால் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

6. பிள்ளைகள் அணிலைக் கையால் பிடிக்க வேண்டாம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

விஷம் வைத்தால் அணிலோடு முடியாது. அதைத் தின்னும் பூனையும் காகமும் சாகலாம். தவழும் பிள்ளை கையிலும் அது படலாம். பரணுக்குள் செத்தால் நாற்றம் பல நாள் போகாது. ஒட்டும் அட்டையில் சிக்கிய அணில் மணிக்கணக்கில் துடித்தே சாகும்.

வழியை அடைப்போம், உயிரை வதைக்க வேண்டாம். வெயில் காலத்தில் மாடி ஓரமாக ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தால், இன்ஷா அல்லாஹ், அதற்கும் நன்மை உண்டு.