எண்பது தோல்விகளுக்குப் பின் ஒரு வெற்றி

வெற்றி பெற்று வரும் பிள்ளையை எப்படி வரவேற்பது என்று எந்த வீட்டுக்கும் எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அன்று வீட்டில் வட்டிலப்பம் தானாகவே தயாராகிவிடும். தோற்று வரும் பிள்ளையை வரவேற்பதில்தான் நாம் தடுமாறுகின்றோம். "ஒழுங்காக விளையாடியிருந்தால் இப்படி நடந்திருக்குமா?" என்று வாப்பா ஆரம்பிப்பார். "விளையாட்டை விட்டுவிட்டுப் படி என்று அப்போதே சொன்னேனே" என்று உம்மா தொடர்வார். பரீட்சைப் பெறுபேறு குறைந்துவிட்டாலும் இதே பேச்சுத்தான்.

ஒரு தோல்விக்கு உண்மையில் பொறுப்பாளி யார்? களத்தில் நின்று வியர்வை சிந்திய பிள்ளையா? அல்லது, அவனைக் களத்தில் இறக்கிவிட்டு அவனுக்குத் தேவையானவற்றைக் கொடுக்கத் தவறிய பெரியவர்களா? அமெரிக்காவின் கல்லூரி அணியொன்றின் வரலாறு இக்கேள்விக்கு நல்லதொரு விடையைத் தருகின்றது. உலகிலேயே அதிகம் கேலி செய்யப்பட்ட அணிகளுள் ஒன்று அது.

அடிமைகள் உழைத்த மண்ணில் ஒரு கல்லூரி

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் கறுப்பின மக்களின் பிள்ளைகளை வெள்ளையரின் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே, டெக்ஸாஸ் மாநிலத்தில் 1876ஆம் ஆண்டு அவர்களுக்கெனத் தனியாக ஒரு கல்வி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே, முன்னொரு காலத்தில் அடிமைகள் வேலை செய்த பெருந்தோட்டக் காணியிலேயே அது அமைந்தது. இன்று அதன் பெயர் பிரெய்ரி வியூ ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம்.

அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த விளையாட்டை அல்ல. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிரணியினர் பாய்ந்து மறிப்பதுமாக அது ஓரளவு றக்பியை ஒத்திருக்கும். அந்நாட்டில் கல்லூரிகளுக்கிடையிலான இப்போட்டிகளுக்கு இருக்கும் மதிப்பு பெரிது. ஒரு கல்லூரியின் பெயரும் புகழும் பழைய மாணவர் தரும் நன்கொடையும் கூடச் சில வேளை இதிலேயே தங்கியிருக்கும்.

இவ்விளையாட்டில் பிரெய்ரி வியூவுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. பில்லி நிக்ஸ் என்ற பயிற்றுநரின் கீழ் 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய 5 ஆண்டுகளில் அது கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. அக்கல்லூரியில் விளையாடிய கென் ஹூஸ்டன் பின்னர் அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டின் உன்னத வீரர்களுள் ஒருவராக 1986இல் கௌரவிக்கப்பட்டார்.

இந்தப் பொற்காலம் மங்கத் தொடங்கியதற்கான காரணம் வியப்பானது. அறுபதுகளின் பிற்பகுதியில் வெள்ளையரின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்கும் தம் கதவுகளைத் திறந்தன. அது நீதியான மாற்றம்தான். என்றாலும் பணமும் பெரிய மைதானங்களும் கொண்ட அக்கல்லூரிகளை நோக்கித் திறமைசாலிகள் சென்றுவிட, இவர்களை அதுவரை வளர்த்தெடுத்த சிறிய கல்லூரிகள் வெறிச்சோடின.

பெரியவர்கள் விட்ட பிழை

1989 ஒக்டோபர் 28ஆம் திகதி பிரெய்ரி வியூ அணி ஒரு போட்டியில் வென்றது. அடுத்த வெற்றி எப்போது வரும் என்று அன்று எவரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டு, விளையாட்டுத் துறையின் பணம் கையாளப்பட்ட விதத்தில் முறைகேடுகள் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற இராணுவ ஜெனரல் ஜூலியஸ் பெக்டன் கடும் நடவடிக்கை எடுத்தார். 1990ஆம் ஆண்டில் உதைபந்தாட்ட அணி ஒரு போட்டியிலும் ஆடவில்லை.

1991இல் அணி மீண்டும் களமிறங்கியது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. அவர்கள் விளையாடிய பிரிவில் ஒரு கல்லூரி 60க்கும் மேற்பட்ட விளையாட்டுப் புலமைப்பரிசில்களை வழங்க அனுமதி இருந்தது. எதிரணி வீரர்கள் அவ்வாறான உதவியோடு தெரிவுசெய்யப்பட்டு வந்தவர்கள். பிரெய்ரி வியூ மாணவர்களுக்கோ விளையாட்டுக்கென அத்தகைய உதவி எதுவும் இல்லை. படிப்புக்கான செலவைத் தாமே தேடிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் மைதானத்துக்கு வந்த சாதாரண மாணவர்கள் அவர்கள்.

முடிவு எப்படியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த ஆண்டின் 11 போட்டிகளிலும் தோல்வி. 11 போட்டிகளிலும் சேர்த்து அவர்கள் பெற்ற மொத்தப் புள்ளிகள் 48. ஒரு நல்ல அணி ஒரே போட்டியில் இத்தனை புள்ளிகளைப் பெற்றுவிடக்கூடும்.

அடுத்த ஆண்டும் தோல்வி. அதற்கடுத்த ஆண்டும் தோல்வி. கல்லூரி அணியொன்று தொடர்ச்சியாகத் தோற்றதில் முன்னர் மெக்கலஸ்டர் கல்லூரி வைத்திருந்த 50 தோல்விகள் என்ற சாதனையையும் அவர்கள் தாண்டினர். நாடெங்கும் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்குரிய பொருளானார்கள். 1991இல் அக்கல்லூரிக்குள் நுழைந்து 1995இல் பட்டம் பெற்று வெளியேறிய மாணவன் ஒருவன் தன் அணி ஒரு தடவையேனும் வெல்வதைக் கண்டதில்லை.

சகோதரிகளே, இங்கு ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். பணத்தில் பிழைவிட்டவர்கள் பெரியவர்கள். அதன் தண்டனையைச் சனிக்கிழமை தோறும் மைதானத்தில் அனுபவித்தவர்களோ, அந்தப் பிழையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத 18, 19 வயதுப் பிள்ளைகள். புள்ளிப் பலகையில் தெரிந்தது அவர்களது பெயர்தான். கேலியும் அவர்களுக்குத்தான்.

அப்படியிருந்தும் அணி கலையவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்கள் வந்து சீருடை அணிந்தனர். தோற்கப் போகிறோம் என்று ஊரே சொல்லும்போது எழுந்து பயிற்சிக்குப் போவதற்கு எத்தகைய மனவுறுதி வேண்டும்! வெற்றி நிச்சயம் என்று தெரிந்து உழைப்பது எவருக்கும் இலகுவானது.

அந்த நாள்

1998 செப்டம்பர் 26. ஒக்லஹோமா நகரில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்துடன் போட்டி. அதுவரை தொடர்ந்து 80 தோல்விகள்.

அன்று பிரெய்ரி வியூ 14 புள்ளிகளுடன் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் லாங்ஸ்டன் 12 புள்ளிகளை எட்டியது. இன்னும் 2 புள்ளிகளைப் பெற்றுவிட்டால் சமநிலை. அதற்கான ஒரு வாய்ப்பும் விதிகளின்படி அவர்களுக்குக் கிடைத்தது. அம்முயற்சியைப் பிரெய்ரி வியூ வீரர்கள் தடுத்து நிறுத்தினர். 14க்கு 12 என வெற்றி!

முன்னைய வெற்றி நாளில் பிறந்த ஒரு குழந்தை அப்போது 9 வயதை நெருங்கிவிட்டிருந்தது.

ஆனால் இந்தக் கதையை இத்துடன் முடித்து, "பொறுமையாக இருந்தார்கள், வென்றார்கள்" என்று மட்டும் சொன்னால் அது அரைவாசி உண்மையாகிவிடும். 80 போட்டிகளிலும் மாணவர்களிடம் பொறுமைக்குக் குறைவிருக்கவில்லை. குறைவாக இருந்தது வசதிதான். நின்றுபோன புலமைப்பரிசில்கள் பிற்காலத்தில் திரும்பி வந்தன. 2004இல் ஹென்றி ஃப்ரேசியர் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். 2007ஆம் ஆண்டில், 1976க்குப் பின் முதற்தடவையாக, தோல்விகளை விட வெற்றிகள் கூடிய ஒரு பருவத்தை அணி கண்டது. 2009இல் தனது பிராந்தியத்தின் வெற்றிக் கிண்ணத்தையே வென்றது. 1964க்குப் பின் அதுவே முதற்தடவை. 2016இல் 15,000 பேர் அமரக்கூடிய புதிய மைதானமும் திறக்கப்பட்டது.

பிள்ளைகளின் உறுதியும் பெரியவர்களின் பொறுப்புணர்வும் ஒன்று சேர்ந்த பின்னரே நிலை மாறியது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

ஸபரும் முயற்சியும்

ஸபர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். தவக்குல் என்பதையும் அவ்வாறே விளங்கிக்கொள்கின்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதுதான் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி.

நபியவர்களிடம் 'அழ்பா' என்ற ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதனை முந்தியவர் இல்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தனது இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தத்தைத் தந்தது. அதனை உணர்ந்த நபியவர்கள், இவ்வுலகில் உயரும் எதனையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. தமது ஒட்டகம் பின்தங்கியதை அவர்கள் எத்துணை சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்!

உஹத் யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மலையில் நிறுத்தப்பட்ட வில்வீரர்களில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியமையால் நிலைமை தலைகீழானது. நபியவர்களே காயமுற்றார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்திருந்தும் அவர்கள் தம் தோழர்களிடம் கடுகடுப்பாக நடந்துகொள்ளவில்லை. அந்த மென்மையை அல்குர்ஆன் ஆலஇம்ரான் அத்தியாயத்தில் அல்லாஹ்வின் அருளாகக் குறிப்பிடுகின்றது. பிழையை விளங்கிக்கொள்வது வேறு, பிழைவிட்டவரை நொறுக்கிவிடுவது வேறு.

நாளைய நிலை என்ன?

இனிமேல் பிரெய்ரி வியூ போன்ற கல்லூரிகளின் எதிர்காலம் எவ்வாறு அமையும்? புதியதொரு சோதனை அவற்றை எதிர்நோக்கியுள்ளது. 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தமது பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். அதே ஆண்டிலிருந்து ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறி உடனடியாக விளையாடுவதும் இலகுவாக்கப்பட்டது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே வீரர்களுக்குப் பணம் வழங்கலாம். அதன் முதலாவது ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை இவ்வாறு செலவிட முடிந்தது.

பணக்காரக் கல்லூரிகளுக்கு இது பெரிய வாய்ப்பு. சிறிய கல்லூரியொன்று கண்டெடுத்து வளர்த்த வீரனை அடுத்த ஆண்டே பெரிய கல்லூரி அழைத்துக்கொள்ளும். அறுபதுகளில் நடந்தது மீண்டும் வேறு உருவில் நடக்கின்றது. வறிய குடும்பத்துப் பிள்ளை நாலு காசு சம்பாதிப்பதை எவரும் குறைகூற முடியாது. ஆயினும், வளர்த்துவிட்டவர்களின் கை வெறுமையாவதும் உண்மையே. இந்நிலையில் சிறிய கல்லூரிகள் நிலைத்து நிற்க வேண்டுமானால், பழைய மாணவர்களும் நிர்வாகத்தினரும் தமது பங்கை இன்னும் நேர்மையாகச் செய்தாக வேண்டும். 1990இல் கற்ற பாடத்தை மறந்துவிட்டால் மீண்டும் தண்டனை அனுபவிக்கப் போகிறவர்கள் மாணவர்களே.

நம் வீட்டுக்குள்...

பிள்ளைகள் கல்லூரியில் விளையாடினாலும் பரீட்சை எழுதினாலும் அவர்கள் பின்னால் ஒரு வீடு இருக்கின்றது. பயிற்சி முடிந்து பசியோடு வரும் பிள்ளைக்கு நேரத்துக்கு உணவு கிடைத்ததா? மேலதிக வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டதில் தூங்குவதற்கு நேரம் இருந்ததா? தமையனோடும் அயல்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டு அவனது மனதை நாமே தளரச் செய்தோமா? புள்ளிகளைக் கேட்பதற்கு முன் இக்கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வது நியாயமல்லவா?

அதற்காகப் பிள்ளையின் குறைகளைக் கண்டும் காணாமல் விடவேண்டும் என்பதல்ல. பயிற்சிக்குச் செல்லாமல் சோம்பியிருந்தவனிடம் அதனை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குரிய நேரம் தோல்வியோடு வந்து நிற்கும் அந்த மாலைப்பொழுதல்ல. முதலில் முகம் கழுவட்டும், மஃரிப் தொழட்டும், வயிறாறச் சாப்பிடட்டும். பேச வேண்டியதை மறுநாள் பேசலாம். அப்போது அவனும் கேட்பான், நாமும் நிதானமாகச் சொல்வோம்.

80 தடவை தோற்ற அந்த மாணவர்களுள் பெரும்பாலானவர்கள் பட்டதாரிகளாகி, தொழில் பார்த்து, பிள்ளை குட்டிகளோடு வாழும் வயதினராக இன்று இருப்பார்கள். அவர்கள் பெற்ற 48 புள்ளிகளை வைத்து அவர்களது வாழ்க்கையை எவரும் அளக்கப் போவதில்லை. நம் பிள்ளைகளையும் ஒரு பருவத்தின் பெறுபேற்றை வைத்து அளந்துவிடாதிருப்போம். அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியதைக் குறைவின்றிக் கொடுத்து, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். இன்ஷா அல்லாஹ், அவர்களுக்குரிய நாளும் ஒருநாள் வரும்.