கிட்டங்கி முற்றமும் ஓர் இரும்புப் பரம்பும்

நமது சங்கப் பத்திரிகையில் வரி, எடை, ஏல விலை, லாரி வாடகை என்று நண்பர்கள் எழுதிவரும் பக்கத்தில், கிராவல் தரையை மட்டம் செய்யும் கருவி ஒன்றைப் பற்றி நான் எழுத வந்திருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். எட்டு மூட்டை ஏலக்காய் நனைந்த பிறகுதான் எனக்கும் இது எழுதத் தகுந்த விஷயமாகப் பட்டது.

போடிநாயக்கனூரில் நம்மில் பலருடைய கிட்டங்கி முற்றம் கிராவல் தரைதான். தார் போட்டால் லோடு லாரி ஒடித்துத் திரும்பும் இடத்தில் பெயர்ந்துவிடுகிறது. வாடகை இடத்தில் கான்கிரீட் போட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே வருடந்தோறும் மழைக்கு முன்பு இரண்டு டிப்பர் கிராவல் கொட்டுவது, குழிகளை மூடுவது, தை மாதத்தில் அதே குழிகளை அதே இடத்தில் பார்ப்பது என்று காலம் போய்க்கொண்டிருந்தது. இதை ஒரு செலவாகக்கூட நான் நினைத்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது போல அதுவும் ஒரு வழக்கம்.

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி இரவு நல்ல மழை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் உள்ளே தரையெல்லாம் தண்ணீர். மூட்டைகளைப் பலகை மேல்தான் அடுக்கியிருந்தோம். ஆனால் முதல் நாள் மாலை அவசரமாக இறக்கிய எட்டு மூட்டைகள் வாசல் ஓரம் தரையில் இருந்தன. சாக்குக்குள் கறுப்புப் பாலித்தீன் உறை இருந்தும் அடித்தையல் வழியாக ஈரம் ஏறிவிட்டது. ஏலக்காயில் ஈரம் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குள் சொல்ல வேண்டியதில்லை. பச்சை நிறம் போகும், பிறகு பூஞ்சணம். அது விலை பேசி முடித்து, வெளியூர் வியாபாரியின் லாரிக்காகக் காத்திருந்த சரக்கு. அதே தரத்தில் வேறு எட்டு மூட்டைகளை அன்றைய ஏற்றமான விலைக்கு வாங்கிக் கொடுத்து என் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டேன். நனைந்ததை மறுபடி உலர்த்திக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன்.

தண்ணீர் எப்படி வந்தது என்று பார்க்கக் கொத்தனாரை அழைத்து டியூப் மட்டம் பிடித்தோம். காரணம் வெட்கப்படும்படி இருந்தது. கிட்டங்கி கட்டியபோது வாசற்படி முற்றத்தைவிட ஓர் அடி உயரம். வருடா வருடம் நான் கொட்டிய கிராவல் முற்றத்தை உயர்த்தி உயர்த்தி, படியும் முற்றமும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. போதாக்குறைக்கு, லாரி டயர்கள் கிராவலை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி, நடுவில் தாம்பாளம் போல ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருந்தன. அந்தத் தாம்பாளத்தின் ஒரு மூக்கு என் வாசலை நோக்கி இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய கிராவலே என் சரக்கை நனைத்தது.

முதலில் ஒரு மணி நேரம் ஜேசிபியைக் கூப்பிட்டேன். மேலே இருந்ததை வழித்து வெளியே தள்ளிவிட்டுப் போனது. மேடு போயிற்று, ஆனால் வாளியின் பல் போன இடமெல்லாம் வரிப்பள்ளம். அதைச் சமன் செய்ய ஒரு கனமான பனங்கட்டையைச் சங்கிலியில் கட்டி டிராக்டரால் இழுத்துப் பார்த்தோம். பார்வைக்கு நன்றாக இருந்தது. ஒரு மழை பெய்ததும் பள்ளமெல்லாம் பழையபடி தெரிந்தது.

எங்களிடம் நெடுநாளாக மூட்டை தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சின்னமனூர்ப் பக்கம் நெல் வயலில் பரம்படித்து வளர்ந்தவர். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதலாளி, பரம்புப் பலகையில முன்னால அழுத்தி நின்னா மண்ணை அள்ளும், பின்னால சாஞ்சா விட்டுட்டுப் போகும். இந்தக் கட்டையில நிக்க ஆளும் இல்ல, நீளமும் இல்ல. பள்ளம் வந்தா இதுவும் கூடவே இறங்கத்தானே செய்யும்?” விஷயம் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. மட்டம் செய்கிற கருவி பள்ளத்தின் மேல் பாலம் போல நிற்க வேண்டும். மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைத் தன்னோடு இழுத்துவந்து, பள்ளத்தில் போட வேண்டும். அதற்கு அகலத்தைவிட நீளம் முக்கியம்.

அதன்படி பட்டறையில் செய்த கருவியின் விவரம் இது. இரண்டு பக்கமும் ஆறடி நீளத்தில் நான்கு அங்குலச் சேனல். இவை தரையில் சறுக்கிப் போகும் சட்டங்கள். முன் முனைகளைச் சறுக்குக்கட்டை போல மேல்நோக்கி வளைத்தோம். இல்லாவிட்டால் தரையில் குத்தி நிற்கும். இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஆறடி அகலம். டிராக்டர் சக்கரங்களின் வெளி விளிம்பைவிடக் கருவி குறுகலாக இருந்தால், டிராக்டரின் தடமே அழியாமல் நிற்கும். சட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு பிளேடுகள். ரோடு போடும் கிரேடரில் தேய்ந்து கழித்த பிளேடு, பழைய உதிரிபாகக் கடையில் எடைக்குக் கிடைத்தது. அதைச் சேனலோடு வெல்டு வைக்கச் சொன்னேன். பட்டறைத் தம்பி மறுத்துவிட்டார். “வேணாம் முதலாளி, இது கடினமான இரும்பு, வெல்டு பக்கத்துல விரிசல் விடும். தேஞ்ச பிறகு திருப்பிப் போடவும் முடியாது. போல்ட்டே போட்டுருவோம்.” பிளேடுக்கு நான்கு என எட்டு போல்ட்டுகள். துளைகளை நீளவாக்கில் அகட்டியதால் பிளேடை ஏற்றி இறக்கலாம். சட்டத்தின் அடிமட்டத்தைவிட அரை அங்குலம் கீழே நின்றால் எங்கள் தரைக்குப் போதுமாக இருக்கிறது.

பிளேடுகளை நேர்குறுக்காக வைக்கவில்லை. இடது முனை முன்னாலும், வலது முனை ஒன்றரை அடி பின்னாலுமாகச் சாய்த்து வைத்தோம். இப்படிச் சாய்த்தால் வெட்டிய கிராவல் பிளேடோடு வழுக்கி வலது பக்கம் நகரும். நம் நாட்டில் இடது ஓரமாகத்தானே ஓட்டுகிறோம்? பாதையின் இடது ஓரமாகப் போகும்போது கிராவல் நடுவுக்கு வரும். அதே பாதையில் திரும்பி வரும்போது மறுபக்கத்து ஓரத்திலிருந்தும் நடுவுக்கே வரும். நான்கு நடை போய் வந்தால் நடுவில் மேடு தானாக ஏறிவிடும். கிட்டங்கிச் சுவரை இடது கைப்பக்கம் வைத்து ஓட்டினால், வாசலிலிருந்து கிராவல் விலகி வெளியே போகும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கருவியின் எடை சுமார் 150 கிலோ. தரை இறுகியிருந்தால் மேலே இரண்டு மணல் மூட்டை. இழுப்பது சங்கிலி. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சங்கிலி நீளமாக இருந்தால் முன்பக்கம் தரையோடு படிந்து ஆழமாக வெட்டும். குறுக்கினால் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு பரப்பிவிட்டு மட்டும் போகும். பெரியவர் சொன்ன பரம்புப் பலகைக் கணக்கேதான்.

இது நம் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து விவசாயி டி. வார்டு கிங் என்பவர் 1896-ம் ஆண்டிலேயே, இரண்டு மரக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, குதிரை கட்டித் தன் வீட்டு மண் பாதையில் இழுத்திருக்கிறார். சாய்த்து இழுப்பது, சங்கிலியைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவர் முறையில் உண்டு. 1908-ல் அந்நாட்டு வேளாண்மைத் துறை அதை விவசாயிகளுக்கான ஒரு சிறு பிரசுரமாகவே வெளியிட்டது. அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள். ஆகவே அவர்களுக்குச் சாய்வு நமக்கு நேர் எதிராக இருக்க வேண்டும்.

கருவியைவிட முக்கியம், இழுக்கும் நாள். காய்ந்த தரையில் இழுத்தால் புழுதிதான் கிளம்பும். கல் தனி, மண் தனியாகப் பிரியும். சேற்றில் இழுத்தால் குழம்பு. மழை விட்டு ஓரிரு நாள் கழித்து, கிராவலை ஒரு கை அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பக்குவம். வேகம் ஆள் நடக்கும் வேகம். டிரைவர் தம்பிகள் இதில்தான் அவசரப்படுவார்கள். வேகமாக இழுத்தால் கருவி துள்ளும். துள்ளிய தரை, துவைக்கும் கல்லின் வரி போல அலை அலையாகிவிடும்.

குழியை மேலே மூடினால் நிற்காது. கிண்ணம் போல இறுகிய அடித்தரையில் புது மண் ஒட்டுவதில்லை. முதல் லாரி அதை வெளியே தெறித்துவிடும். டிராக்டரின் கொத்துக் கலப்பையால் குழியின் அடியாழம் வரை கிளறிவிட்டு, பிறகுதான் கருவியை விட வேண்டும். முடிந்ததும் வெறும் டிராக்டரையோ லாரியையோ தடம் மாற்றி மாற்றி முற்றம் முழுக்க ஓட்டினால் இறுகிக்கொள்ளும்.

கிராவல் என்று எதையும் வாங்கக் கூடாது. வெறும் ஜல்லி டயருக்கு அடியில் உருளும், நிற்காது. வெறும் செம்மண் வழுக்கும். முக்கால் அங்குலத்துக்கு மிகாத கல்லோடு, அதைப் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் களிப்பு உள்ள மண்ணும் கலந்திருக்க வேண்டும். கொண்டுவரும் வண்டியிடம் கனிமவளத் துறை அனுமதியும் நடைச்சீட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது, பிற்பாடு பதில் சொல்லும் தொந்தரவை மிச்சப்படுத்தும்.

சாய்வு எவ்வளவு? கிராவல் சாலைக்கு, மழை குறைந்த இடத்தில் 3.5 சதவீதம், அதிகமான இடத்தில் 4 சதவீதம் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கிராமச் சாலைக் கணக்கு. நம் பாஷையில் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்தடிப் பாதைக்கு நடு, ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயரம். லாரி நின்று சரக்கு ஏற்றும் முற்றத்தில் அவ்வளவு சாய்வு ஆகாது. எங்களுடையதில் அடிக்குக் கால் அங்குலம் வைத்து, தாழ்ந்த ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தெருச் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

மலைக்கு வருகிறேன். இங்கே இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு போகும் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை நல்ல சாலைதான். சிரமம் அதற்கு அப்பால், பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கங்களில் நெடுஞ்சாலையிலிருந்து தோட்டத்துக்குப் பிரிகிற ஜீப் பாதைகளில். நம் ஊரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அதில்தான் தினமும் போய் வருகிறார்கள். சுமை இறங்கும் வழியின் கஷ்டம் இந்த மலைக்குப் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை கொண்டுவந்த ரயிலை 1924-ம் ஆண்டு வெள்ளம் அழித்தது.

சொந்தக்காரர் ஒருவரின் தோட்டப் பாதைக்கு நாலடி அகலத்தில் இலேசான இன்னொரு கருவி செய்தோம். டிராக்டர் வேண்டாம்; சரிவில் அது கவிழும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் போதும். இங்கே நான் ஒரு தவறு செய்தேன். ஏற்றத்தில் இழுத்த அதே சங்கிலியோடு இறக்கத்திலும் வரச் சொன்னேன். சங்கிலிக்கு இழுக்கத் தெரியும், தடுக்கத் தெரியாதே. ஜீப் பிரேக் பிடித்ததும் கருவி வழுக்கி வந்து பின்சக்கரத்தில் முட்டி, வண்டி பாதை ஓரத்துக்குத் திரும்பியது. ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்து நிறுத்தியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரைவர் தம்பி அன்று மதியம் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. இப்போது இறக்கத்தில் இழுப்பதே இல்லை. ஏற்றத்தில் மட்டும் இழுத்து, கருவியை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். நாலடிக் கருவியை மூன்று ஆள் தூக்கலாம்.

சரிவான பாதையில் நடுமேடு மட்டும் போதாது. தண்ணீர் டயர்த் தடத்தையே வாய்க்காலாக்கி ஓடி, ஒரே பருவத்தில் முழங்கால் ஆழம் அரித்துவிடும். தடத்தை அழிப்பது கருவியின் வேலை. அதன் பிறகு, பாதைக்குக் குறுக்கே சாய்வாக, ஜீப் ஏறி இறங்கும் அளவுக்குச் சிறு வரப்புகள் வைத்துத் தண்ணீரை ஆங்காங்கே வெளியேற்ற வேண்டும். விடும் இடத்தில் கல் அடுக்காவிட்டால் கீழே உள்ள செடிகள் போகும். இவையெல்லாம் இருக்கும் பாதைக்குத்தான். புதுப்பாதை வெட்டுவது வேறு விஷயம். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், 2018-ல் இடுக்கி மாவட்டத்தில் மண் சரிந்ததைப் பார்த்தவர்கள் யோசித்துத்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள்.

மேலே தென்மேற்குப் பருவமழை ஆனியிலிருந்து பிடித்துக்கொள்கிறது. நமக்குக் கீழே ஐப்பசி, கார்த்திகைதான் மழை. ஆகவே மலைப்பாதைக்கு ஒரு முறை கோடை மழையின் ஈரத்திலும், ஒரு முறை ஆவணி கழிந்தும். கிட்டங்கி முற்றத்துக்குப் புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்த மறுநாளோ மூன்றாம் நாளோ. தை மாதம் இன்னொரு முறை.

பெரிய கருவிக்கு இரும்பு, போல்ட், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து ரூ.12,000-க்குச் சற்று மேல் ஆயிற்று. அதோடு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேர டிராக்டர் வாடகை. மூன்று வருடமாக முற்றத்துக்கு நான் கிராவல் வாங்கவில்லை. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்ததே நடுவுக்கு வந்து போதுமானதாக இருக்கிறது. வாசற்படி மறுபடியும் முக்கால் அடி உயரத்தில் தெரிகிறது. மூட்டைகளைத் தரையில் இறக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம்.

கருவி எங்கள் கிட்டங்கியின் பின்சுவரில் சாத்தியிருக்கிறது. சங்க உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், வாடகை இல்லை. போல்ட்டுகள் எட்டு. எண்ணிக்கொண்டு போய், எண்ணித் திருப்பித் தர வேண்டும். போன முறை ஏழுதான் வந்தது.